கையில் பத்து இஸ்பேட் வந்தால் என்ன கேட்பது?



பிரிட்ஜ் பழகிக்கொண்டிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், ஒரே இனத்தில் பத்து சீட்டு வந்துவிட்டால், முதல் ஆளாக ஏலத்தில் என்ன கேட்பது?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதில் நூறு ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. சீட்டு மாறவில்லை, 52 சீட்டு அதே 52தான். மாறியது புள்ளிக் கணக்கு. அதனால் இது ஒரு வரலாற்றுப் பாடம்.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஒருவருக்கு 13 சீட்டு. ஒரே இனத்தில் எட்டு சீட்டு வருவது ஏறத்தாழ 214 கைகளில் ஒருமுறை. ஒன்பது சீட்டு 2,700 கைகளில் ஒருமுறை. பத்து சீட்டு 60,000 கைகளுக்கும் மேல் ஆடினால் ஒருமுறை. பதின்மூன்றும் ஒரே இனமாக வருவது சுமார் 15,875 கோடியில் ஒன்று! எனவே பத்து இஸ்பேட் என்பது பலருக்கு வாழ்நாளில் வராத கை. ஏழு, எட்டு சீட்டு அடிக்கடி வரும். அங்கே பழகிய புத்திதான் பத்து வரும்போதும் கைகொடுக்கும்.

பிரிட்ஜுக்குத் தாய் 'விஸ்ட்' என்ற ஆங்கிலேய ஆட்டம். அதில் ஏலமே கிடையாது. கடைசிச் சீட்டைத் திருப்பிக் காட்டுவார்கள், அதுவே துருப்பு. நீளமான இனம் இருந்தால் அதிலிருந்து இறங்கலாம், அவ்வளவுதான். கையில் இருப்பதை வாயால் சொல்ல வழியில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ஆக்‌ஷன் பிரிட்ஜ்' வந்தது. நம் இருபத்தெட்டு ஆட்டம் போல ஏலம் கேட்டுத் துருப்பை எடுப்பது. ஆனால் அதில் ஒரு வேடிக்கை. இரண்டு மட்டும் கேட்டுவிட்டுப் பத்துப் பிடி எடுத்தாலும் முழுப் பலன் உண்டு. அப்படியிருக்க, ஒருவர் எடுத்த எடுப்பில் உயரக் கேட்பானேன்? எதிரணியின் வாயை அடைக்க மட்டும்தான்.

1925இல் இது தலைகீழானது. அமெரிக்கச் செல்வந்தர் ஹரால்ட் வாண்டர்பில்ட், 'ஃபின்லாந்து' என்ற கப்பலில் பனாமா கால்வாய் வழியாகப் பயணம் போனபோது, நண்பர்களோடு ஒரு புதிய புள்ளிமுறையை ஆடிப்பார்த்தார். அதன் மையக் கருத்து பிரான்சில் 'பிளாஃபோன்' ஆட்டத்தில் முன்பே இருந்தது: கேட்ட அளவுக்குத்தான் பலன். நாலு இஸ்பேட் என்று கேட்டு, அடிப்படை ஆறோடு சேர்த்துப் பத்துப் பிடி எடுத்தால்தான் 'கேம்'. இரண்டு கேட்டுப் பத்து எடுத்தால் கேம் இல்லை. ஏற்கெனவே ஒரு கேம் ஜெயித்த அணிக்குத் தோற்றால் தண்டமும் அதிகம். அந்த நிலைக்கு 'வல்னரபிள்' என்று பெயர். அந்தச் சொல்லைச் சொன்னவர் அதே கப்பலில் பயணம் செய்த ஓர் இளம்பெண். இதுவே இன்று உலகம் ஆடும் 'கான்ட்ராக்ட் பிரிட்ஜ்'.

இங்கேதான் நம் கேள்வியின் சிக்கல் பிறந்தது. ஒருவர் எடுத்தவுடன் "நாலு இஸ்பேட்" என்றால் என்ன பொருள்? "பத்துப் பிடி எடுப்பேன்" என்றா? "தோற்றாலும் பரவாயில்லை, எதிரணி பேசக்கூடாது" என்றா? ஒரே வாக்கியம், இரண்டு பொருள். எதிரே இருக்கும் கூட்டாளி எதை நம்புவார்? கான்ட்ராக்ட் பிரிட்ஜின் ஏல வரலாற்றில் பெரும்பகுதி, இந்த இரண்டு பொருளையும் பிரித்த வரலாறுதான்.

ஈலி கல்பர்ட்சன் 1930இல் தம் 'நீல நூலை' வெளியிட்டு அமெரிக்காவுக்கே பிரிட்ஜ் கற்றுத்தந்தார். அவர் முறையில், தொடக்கத்திலேயே இரண்டு கேட்டால் மிகப் பலமான கை, கூட்டாளி பாஸ் சொல்லக்கூடாது. நீளம் மட்டும் உள்ள பலவீனமான கைக்கு 'இரண்டும் மூன்றும்' என்ற விதி. எத்தனை பிடி உறுதி என்று எண்ணு. வல்னரபிள் என்றால் அதற்கு மேல் இரண்டு, இல்லையென்றால் மூன்று கூட்டிக் கேள். எதிரணி 'டபுள்' சொல்லித் தோற்கடித்தாலும், இன்றைய கணக்கில் இரண்டுக்கும் இழப்பு ஒன்றே: 500. தைரியத்துக்கு ஓர் எல்லைக்கோடு!

பிறகு வந்தவர்கள் யோசித்தார்கள். மிகப் பலமான கை எப்போதோதான் வரும். அதற்காக நான்கு இனத்திலும் இரண்டு கேட்பதை ஏன் ஒதுக்கி வைக்க வேண்டும்? பலத்துக்கெல்லாம் 'இரண்டு கிளாவர்' ஒன்று போதும், மற்றவை ஆறு சீட்டு உள்ள பலவீனமான கைக்கு ஆகட்டும் என்றார் ஹாவர்ட் ஷென்கன் போன்றவர்கள். சாமுவேல் ஸ்டேமன் தம் பெயரைத் திருப்பிப் போட்டு 'நாம்யாட்ஸ்' என்று ஒரு முறைக்குப் பெயர் வைத்தார். நல்ல நீள இஸ்பேட் கைக்கு "நாலு டைமன்", நல்ல நீள ஆட்டின் கைக்கு "நாலு கிளாவர்". நேரடியாக "நாலு இஸ்பேட்" என்றால் அது தடுப்புச் சுவர் மட்டுமே. இரண்டு பொருளுக்கும் இரண்டு சொல் கிடைத்துவிட்டது. தொடக்கத்திலேயே "ஐந்து இஸ்பேட்" கேட்பதற்கும் பழைய பொருள் ஒன்று உண்டு: துருப்பின் ஆஸ், ராஜா இரண்டில் ஒன்று உன்னிடம் இருந்தால் ஆறுக்குப் போ, இரண்டும் இருந்தால் ஏழுக்குப் போ.

நீளத்தின் வலிமையைப் பார்க்க இயன் ஃபிளெமிங்கின் 'மூன்ரேக்கர்' (1955) நாவல் நல்ல உதாரணம். ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால், வில்லன் கையில் 31 புள்ளி. ஜேம்ஸ் பாண்ட் கையில் வெறும் 8. ஆனால் பாண்டிடம் எட்டு டைமன், ஐந்து கிளாவர். இஸ்பேடும் ஆட்டினும் அறவே இல்லை. ஏழு கிளாவர் கேட்டு, பதின்மூன்று பிடியும் எடுக்கிறார். அது அவர் முன்கூட்டி அடுக்கிவைத்த கட்டுதான். ஆனாலும் கணக்கு பொய்யில்லை. வில்லனின் ஆஸும் ராஜாவும் துருப்பால் வெட்டுப்பட்டால் வெறும் படங்கள்தானே!

1987இல் விதி மீண்டும் மாறியது. அதற்கு முன், வல்னரபிள் இல்லாத அணி டபுளில் ஒன்பது பிடி குறைந்து தோற்றால் இழப்பு 1,700. எதிரணி வல்னரபிளாக ஏழு இஸ்பேட் ஜெயித்தால் அவர்களுக்கு 2,210. ஆகவே வேண்டுமென்றே தோற்பது லாபம்! புதிய விதியில் அதே ஒன்பதுக்கு 2,300. லாபம் நஷ்டமானது. கண்மூடித்தனமாக உயரக் கேட்டவர்கள் அடங்கினார்கள்.

இனி மாணவரின் கேள்விக்கு வருகிறேன். பத்து இஸ்பேட் வந்தால் மூன்றைப் பார்: உறுதியான பிடி எத்தனை, வல்னரபிள் யார், கூட்டாளி ஏற்கெனவே பாஸ் சொன்னாரா. கை பலமானால் மெதுவாகச் சொல்லித் தொடங்கு, கூட்டாளியிடமிருந்து தகவல் வரட்டும். பலவீனமானால் போகக்கூடிய உயரத்துக்கு ஒரே தாவலில் போ. உனக்குப் பத்து இஸ்பேட் என்றால் எதிரணிக்கும் வேறு இனத்தில் நீளம் இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு படியாக ஏறினால் அவர்கள் அதைக் கண்டுபிடிக்க நீயே நேரம் கொடுக்கிறாய்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. தடுப்பாக உயரக் கேட்டவன் தன் கையை முழுவதும் சொல்லிவிட்டான். அதன்பின் முடிவு கூட்டாளியுடையது. அவர் டபுள் சொன்னாலும் பாஸ் சொன்னாலும், சீட்டு நீளமாக இருக்கிறதே என்று மறுபடி வாயைத் திறக்கக்கூடாது. புள்ளிமுறை எத்தனை முறை மாறினாலும் மாறாத விதி இது ஒன்றுதான். பிரிட்ஜ் ஆடுகிற மற்ற பிள்ளைகளும் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.