பழவேற்காட்டு ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் கல்லின் உள்ளுறையும்

விசயநகரப் பேரரசின் துறைமுகமாய் விளங்கிய பழவேற்காடு இன்று ஏரிக்கரை மீனவர் குப்பங்களுக்கிடையே துண்டு துண்டாகவே எஞ்சியுள்ளது. 1613இல் ஒல்லாந்தர் எழுப்பிய கெல்டிரியா கோட்டை புதர் மண்டிய மேடாயிற்று. அவர்தம் கல்லறைத் தோட்ட வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டுள்ளன; நிலையாமையைச் சொல்லும் அவற்றுக்கு உரை வேண்டுவதில்லை. உரை வேண்டி நிற்பது ஆதிநாராயணப் பெருமாள் கோயிலே.

இக்கோயில் செம்புரைக்கல்லால் ஆனது. இராமகாதைக் காட்சிகள் இங்கே மிகச் சிறிய சிற்பங்களாக அமைந்துள்ளன. செம்புரைக்கல் துளை மலிந்தது. நுணுகிய உளிவேலைக்கு எளிதில் இடங்கொடாது. ஆதலால் அக்கல்லால் கட்டுவோர் சுண்ணச்சாந்து பூசுவதும், சிற்பத்திற்கு வேறு கல்லை நாடுவதும் உண்டு. எவ்வுருவம் எக்கல்லில் நிற்கிறது என்பதே இங்குப் பதவுரை. அதைக் கடந்து உள்ளுறைக்குத் தாவுதல் தகாது.

பூர்வாசார்யர்கள் ஸ்வாபதேசம் கண்ட முறையும் இதுவே. ஆழ்வார் தூதுவிடும் பறவைகளை ஆசார்யர்களாகவும், இரு சிறகுகளை ஞானமாகவும் அநுஷ்டானமாகவும் அவர்கள் கொண்டனர். பாசுரத்தில் பறவை பறவையாகவே நிற்பதால்தான் அப்பொருள் நிற்கிறது. சிறகில்லையேல் ஸ்வாபதேசமும் இல்லை.

நெய்தல் நிலத்துக் கோயிலில் குகனையும் ஸேதுவையும் முதலில் தேடுவது இயல்பு. திருமங்கையாழ்வார் திருவரங்கத்து எம்பெருமானிடம் சரணம் புகும்போது குகனுக்கு வாய்த்த தோழமையையே முன்வைக்கிறார். ஓடக்காரர் வாழும் கரையில் அது மனத்தை ஈர்க்காமல் இராது. ஆயினும் அக்காட்சிகளுக்குச் சிற்பி மிகுதியான இடம் தந்தானா என்பதைக் கல் சொல்லவேண்டும், விருப்பம் சொல்லலாகாது.

இங்கே ஓர் ஒப்புமை பயன்படும். பெரியவாச்சான் பிள்ளை ஆழ்வார்களின் சொற்றொடர்களையே எடுத்துத் தொடுத்துப் பாசுரப்படி இராமாயணம் அருளினார். பல இடங்களிலிருந்து வந்த துண்டுகள், கதை முன்னரே தெரிந்திருந்தமையால், ஒழுங்கு பெற்றன. கோயிற் சிற்பத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே வரிசையே சிற்பியின் வியாக்கியானம்: எதை அருகில் வைத்தான், எதை விட்டான், எதைப் பெரிதாக்கினான் என்பதில்தான் அவன் கருத்து உள்ளது. கழன்ற கற்களை வால்மீகியின் வரிசைப்படி அடுக்கினால் கதை முழுமை பெறும். சிற்பி சொன்னது மறையும். திருப்பணி செய்வோர் கல்லைப் பெயர்க்குமுன் எண்ணிட்டு, அது நின்ற இடத்தையும் நோக்கிய திசையையும் வரைந்துகொள்ளவேண்டுவது இதனாலேயே. இடம் தெரியாத கல்லைத் தனியே வைப்பதே முறை. வெற்றிடம் நிரப்ப அதைச் சுவரில் ஏற்றுவது, ஏட்டில் சிதைந்த அடிக்குப் புதுச்சொல் எழுதிச் சேர்ப்பதை ஒக்கும்.