பழைய இரும்பும் கொத்துக்குண்டும்

நான் சின்னப் பையனாக இருந்தபோது பரளச்சிக்குப் பழைய இரும்புக்காரர் சைக்கிளில் வருவார். அவர் சத்தம் கேட்டதும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம். தேய்ந்த கொழு, மாட்டு லாடம், துருப்பிடித்த ஆணி, எது கொடுத்தாலும் பேரீச்சம்பழம் கிடைக்கும். வீட்டில் ஒன்றும் அகப்படாவிட்டால் கண்மாய்க் கரை, கருவேலங்காடு என்று பொறுக்கப் போவோம். "முள்ளு குத்தும், பாம்பு கெடக்கும், பாத்துப் போங்கடா" என்பார்கள். அதுக்கு மேல பயப்பட எங்க மண்ணில் ஒன்றும் கிடையாது.

இந்த நினைப்பு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2012 ஏப்ரலில் ஒரு செய்தி வெளியானது. ஈழத்தின் புதுக்குடியிருப்புப் பகுதியில் ஒரு சிறுவன், கிடைத்த இரும்பைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்று பிரிக்கப் பார்த்திருக்கிறான். அது வெடித்து அவன் இறந்துபோனான், அவனுடைய சகோதரிக்குக் காயம். அந்த இடத்தைப் பார்த்த வெடிபொருள் வல்லுநர்கள், அங்கே வெடிக்காத கொத்துக்குண்டுத் துண்டங்கள் கிடப்பதைக் கண்டார்கள். ஐ.நா. அதிகாரி ஒருவர் எழுதிய மின்னஞ்சல் வழியாக இது வெளியே தெரிந்தது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்க. புதுக்குடியிருப்பு எங்க ஊருக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே, நேர்கோட்டில் முந்நூறு கிலோமீட்டருக்குள்தான் வரும். சென்னை எங்களுக்கு அதைவிடத் தூரம். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எங்க மாவட்டத்திலேயே குல்லூர்சந்தை முகாமில் பல வருடமாக இருக்கிறார்கள். எனவே இது ஏதோ தொலைதேசத்துக் கதை இல்லை.

கொத்துக்குண்டு, கொத்தணிக்குண்டு என்று இரண்டு பெயரிலும் எழுதுகிறார்கள். வேலை ஒன்றுதான். ஒரு பெரிய உறைக்குள் பத்துக்கணக்கில், சில வகைகளில் நூற்றுக்கணக்கில், சின்னச் சின்னக் குண்டுகள் இருக்கும். விமானத்திலிருந்து போட்டாலும் ராக்கெட்டில் ஏவினாலும் உறை நடுவானில் திறந்துகொள்ளும். உள்ளே இருப்பவை விதை தெளித்த மாதிரி பரந்து விழும். அதில் ஒரு பங்கு வெடிக்காமல் மண்ணிலேயே தங்கிவிடும். போட்டவன் போய்விடுவான், போரும் முடிந்துவிடும். பத்து, இருபது வருடம் கழித்து உழ வருகிறவர், விறகு பொறுக்க வருகிறவர், இரும்பு பொறுக்க வருகிற பிள்ளை, இவர்களுக்காக அது காத்துக் கிடக்கும்.

லாவோஸில் 1964 முதல் 1973 வரை அமெரிக்கா போட்ட சிறுகுண்டுகள் சுமார் 27 கோடி என்றும், அதில் 8 கோடி வெடிக்காமல் தங்கியிருக்கலாம் என்றும் கணக்கு. அங்கே இன்னும் அகற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

தடைக்கு வழி திறந்தது 2006 லெபனான் போர். போர் நிற்கப் போகிறது என்று தெரிந்த பிறகு, கடைசி 72 மணி நேரத்தில்தான் இஸ்ரேல் பெரும்பாலான கொத்துக்குண்டுகளைப் போட்டது என்று ஐ.நா. சொன்னது. அதில் எம்-85 என்று ஒரு வகை உண்டு. வெடிக்காவிட்டால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் அமைப்பு அதில் உண்டு, மிச்சம் கிடப்பது மிகக் குறைவு என்று சொல்லித்தான் விற்றார்கள். லெபனான் வயல்களில் இறங்கி எண்ணிப் பார்த்தபோது சுமார் 10 விழுக்காடு வெடிக்காமல் கிடந்தது. ஆய்வுக்கூடத்துக் கணக்கு ஒன்று, வயலுக்குள் கிடந்த கணக்கு வேறொன்று.

2006 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த பழைய ஆயுத ஒப்பந்தக் கூட்டத்தில் தடைக்கான பேச்சு நகரவில்லை. நார்வே தனியாகக் கிளம்பியது. 2007 பிப்ரவரியில் ஆஸ்லோவில் 46 நாடுகள் சேர்ந்து ஓர் அறிவிப்பு செய்தன. 2008 மே 30-ம் தேதி டப்ளினில் 107 நாடுகள் ஒப்பந்த வாசகத்தை ஏற்றன. டிசம்பரில் ஆஸ்லோவில் 94 நாடுகள் கையெழுத்துப் போட்டன. 2010 ஆகஸ்ட் 1-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

இந்தத் தேதிகளுக்கு நடுவில்தான் வன்னியில் கடைசிப் போர் நடந்தது. 2009 பிப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனைப் பகுதியில் கொத்துக்குண்டு விழுந்ததாக ஐ.நா. பேச்சாளர் ஒருவர் சொன்னார். அதை ஏவும் வசதியே எங்களிடம் கிடையாது என்றது இலங்கை அரசு. ஐ.நா.வும் அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டது. 2011-ல் ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு, இந்தக் குற்றச்சாட்டில் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை என்று எழுதியது. அதற்கு அடுத்த வருடம்தான் அந்தச் சிறுவன் இறந்தான். 2016-ல் கண்ணிவெடி அகற்றும் அமைப்பு ஒன்றிலிருந்து கிடைத்த படங்களைக் கார்டியன் பத்திரிகை வெளியிட்டது. ரஷ்யத் தயாரிப்பு ஆர்பிகே-500 வகையின் மிச்சங்கள் அதில் இருந்தன. போர்க்கால நிகழ்வுகளை விசாரித்த ஆணைக்குழுவின் தலைவர் மேக்ஸ்வெல் பரணகம, அந்தக் காலத்தில் கொத்துக்குண்டு சட்டவிரோதம் இல்லை என்றார். அரசு பயன்படுத்தவே இல்லை என்றது.

இதற்குப் பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது. 2018 மார்ச் 1-ல் இலங்கை அதே ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் நடந்த உறுப்பு நாடுகளின் ஒன்பதாவது கூட்டத்துக்கு இலங்கைதான் தலைமை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கேள்விக்குப் பதில் சொல்லாதவரையே கூட்டத்துக்குத் தலைவராக உட்கார வைப்பார்களா என்று. ஒப்பந்தத்தின் பிரிவுகளைப் படித்த பிறகு கொஞ்சம் விளங்கியது. இது நீதிமன்றம் இல்லை. நேற்று யார் போட்டது என்று கேட்கிற அதிகாரம் இதற்குக் கிடையாது. இது கேட்பது வேறு. கையிருப்பை 8 வருடத்தில் அழிக்க வேண்டும். தன் நிலத்தில் மிச்சம் கிடந்தால் 10 வருடத்தில் அகற்ற வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ வேண்டும். இதையெல்லாம் செய்தோமா என்று ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 30-க்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுதிக் கொடுத்தது சரிதானா என்று பார்க்கப் போலீஸ் கிடையாது. அந்த வேலையைப் பெரும்பாலும் பொதுமக்கள் அமைப்புகளே செய்கின்றன. 2003-ல் தி ஹேக்கில் தொடங்கிய கொத்துக்குண்டு எதிர்ப்புக் கூட்டணியின் சார்பில் 2010 முதல் ஆண்டுதோறும் ஒரு கண்காணிப்பு அறிக்கை வருகிறது. எந்த நாடு அழித்தது, எது புதிதாகப் போட்டது, எத்தனை பேர் செத்தார்கள் என்று பெயர் சொல்லி எழுதுவார்கள். 2022-ல் மட்டும் கொத்துக்குண்டால் இறந்தவர்களும் காயமடைந்தவர்களுமாக 1,172 பேர், பெரும்பாலும் உக்ரைனில். மண்ணில் கிடந்த மிச்சத்தால் அந்த வருடம் பாதிக்கப்பட்டவர்களில், வயது பதிவானவரை 71 விழுக்காடு குழந்தைகள். இன்னொரு கணக்கும் உண்டு. உறுப்பு நாடுகள் இதுவரை அழித்த சிறுகுண்டுகள் சுமார் 17.9 கோடி. அத்தனையும் எந்த வயலிலும் விழாமல் போனவை.

பின்னடைவும் இருக்கிறது. 2023-ல் அமெரிக்கா உக்ரைனுக்குக் கொத்துக்குண்டு கொடுத்தது. ஒப்பந்தத்தில் இருந்த லிதுவேனியா 2025 மார்ச்சில் வெளியேறியது.

சரி, நம்ம நாடு? இந்தியா கையெழுத்துப் போடவில்லை. விதிமுறைப்படி பயன்படுத்தினால் அது நியாயமான ஆயுதம்தான் என்பது அரசின் நிலை. 2010-ல் அமெரிக்காவிலிருந்து சிபியு-105 வகைக் குண்டுகள் 512 வாங்க ஒப்பந்தம் ஆனது. கையெழுத்துப் போடாத நாட்டுக்கு ஏப்ரல் 30 என்ற கெடுவும் கிடையாது. கையிருப்பு எவ்வளவு என்று எங்கேயும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

போரே நடக்காத ஊருக்கும் போரின் இரும்பு வந்து சேரும். 2004 செப்டம்பரில் காசியாபாத்தில் ஓர் இரும்பாலையில், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பழைய இரும்போடு வந்த குண்டு வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பழைய இரும்பு இறக்குமதிக்குச் சோதனை விதிகளை இறுக்கினார்கள்.

புதுக்குடியிருப்பில் என்ன விழுந்தது என்ற கேள்விக்கு, விசாரணைக் குழுக்களைவிட முன்னால் பதில் சொன்னது அந்தப் பிள்ளை கையில் எடுத்த இரும்புதான். அதைப் போய்ப் பார்த்து, இன்ன வகை என்று ஒருவர் எழுதி வைத்ததால்தான் நமக்கு இன்றைக்குத் தெரிகிறது. எழுதாமல் விட்டிருந்தால் அதுவும் ஒரு விபத்து என்று போயிருக்கும்.