கைதிகள் சுமந்த கல்

பெங்களூரு கப்பன் பூங்காவின் ஓரத்தில் இரண்டு கட்டடங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று 1868இல் முடிந்த சிவப்பு அட்டாரா கச்சேரி. பதினெட்டு அரசு அலுவலகங்கள் இயங்கியதால் அந்தப் பெயர். இன்று உயர் நீதிமன்றம். எதிரே விதான சௌதா. ‘இங்க எல்லாமே வெள்ளைக்காரன் பாணிதானா?’ என்ற உறுத்தலுக்கு முதலமைச்சர் கெங்கல் அனுமந்தையா கருங்கல்லில் சொன்ன பதில்.

1951இல் நேரு அடிக்கல் நாட்டினார். கட்டியவர்களில் பலர் சிறைக் கைதிகள். 1956இல் கட்டடம் முடிந்தது. செலவு பற்றிய கண்டனங்களுக்கு நடுவே அதே ஆண்டு அனுமந்தையா பதவியிழந்தார்.

முகப்பில் அவர் பொறிக்கவைத்த வாசகம் இருக்கிறது: அரசுப் பணி இறைவன் பணி. வேலிக்கு வெளியே நின்று அதை வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கைதிகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பணியை அங்க முதல்ல செஞ்சது அவங்கதானே.