புதியது இருக்கும்போது பழைய ஏற்பாடு எதற்கு?

சற்று நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த மாணவி ஒருவர், இப்போது அவரே ஆசிரியை, போன வாரம் போனில் கேட்டார்: "சார், புதிய ஏற்பாடு வந்த பிறகும் கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாட்டை ஏன் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள்? பாடத்திட்டம் மாறினால் பழைய புத்தகத்தை எடைக்குத்தானே போடுகிறோம்?" கேட்டவர் கிறிஸ்தவர் அல்லர், நானும் அல்லன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. தமிழில் அதற்குச் சுவையான வரலாறும் உண்டு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இன்று ஏற்பாடு என்றால் கல்யாண ஏற்பாடு, சாப்பாட்டு ஏற்பாடு. உடன்பாடு, ஒப்பந்தம் என்ற பொருளும் அதற்கு உண்டு. பைபிளின் தலைப்பில் அது அந்தப் பொருளில்தான் நிற்கிறது. எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'பெரீத்'. கடவுள் ஒரு மக்களோடு செய்துகொண்ட உடன்படிக்கை என்று அர்த்தம். கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'தியாத்தேக்கே' என்று போட்டார்கள். அன்றாடக் கிரேக்கத்தில் அது உயிலைக் குறிக்கும் சொல். லத்தீனில் வந்த 'தெஸ்தமெந்தும்' என்பதும் உயில்தான். ஆங்கில டெஸ்டமென்ட் அதன் வழி வந்தது.

இது சின்ன வித்தியாசம் இல்லை. உயில் என்றால் கடைசியாக எழுதியதுதான் செல்லும், முன்னால் எழுதியது ரத்து. உடன்படிக்கையைப் புதுப்பிக்கலாம், விரிவாக்கலாம். தமிழ் பைபிளுக்குள்ளேயே இந்த இழுபறியைப் பார்க்கலாம். புராட்டஸ்டண்ட் சபைகளில் நெடுங்காலமாக வாசிக்கும் மொழிபெயர்ப்பில், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 6ஆம் வசனத்தில் 'புது உடன்படிக்கை', 14ஆம் வசனத்தில் 'பழைய ஏற்பாடு'. கிரேக்கத்தில் இரண்டும் ஒரே சொல். எபிரெயர் நிருபம் 9ஆம் அதிகாரத்தில் அதே சொல் 'மரணசாசனம்' ஆகிவிடுகிறது. இதை நான் மொழிபெயர்ப்பாளரின் குறையாகச் சொல்லவில்லை. மூலச் சொல்லே இரண்டு பக்கமும் சாய்கிறது.

இன்னொன்று: 'புதிய உடன்படிக்கை' என்ற பேச்சே பழைய ஏற்பாட்டிலிருந்துதான் வருகிறது. இயேசுவுக்குச் சுமார் 600 ஆண்டுகள் முந்திய எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம், 31ஆம் அதிகாரம். புதியதற்குப் பெயர் வைத்ததே பழையதுதான்!

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே வரிசை தலைகீழ். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். அச்சு வேலை 1715இல் நிறைவுற்றது. அதன் பிறகுதான் பழையதில் கைவைத்தார். 1719இல் அவர் இறந்தபோது ரூத் புத்தகம் வரைதான் முடிந்திருந்தது. மிச்சத்தைச் செய்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. 1728இல்தான் முழுவதும் அச்சாகி வந்தது. ஆக 13 ஆண்டுகள், தமிழ் வாசகர் கையில் புதிய ஏற்பாடு முழுதாக இருந்தது, பழையது முழுதாக இல்லை.

அந்த வாசகரின் நிலையை யோசித்துப் பாருங்கள். புதிய ஏற்பாட்டின் முதல் பக்கமே ஒரு வம்ச வரலாறு. ஆபிரகாமில் தொடங்கி இயேசுவில் முடியும் பெயர் வரிசை. அதில் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி என்று நான்கு பெண்களை மத்தேயு வேண்டுமென்றே நுழைத்திருக்கிறார். ஏன் இவர்கள்? பழைய கதை தெரியாதவருக்கு அது வெறும் வாக்காளர் பட்டியல்.

ரூத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். மோவாப் நாட்டுப் பெண். கணவனை இழந்தவள். மாமியார் நகோமியை விட்டுப் போக மனமில்லாமல் அவளோடு பெத்லகேமுக்கு வருகிறாள். அறுவடைக்காரர் பின்னால் சிந்திய கதிர் பொறுக்கிப் பிழைக்கிறாள். போவாசை மணக்கிறாள். அவர்கள் மகன் ஓபேத், அவன் மகன் ஈசாய், அவன் மகன் தாவீது. தாவீதின் பெயரோடு புத்தகம் முடிகிறது. அன்னிய நாட்டுக்காரி ஒருத்தி அரச வம்சத்துக்குக் கொள்ளுப்பாட்டி ஆன கதை இது. அது தெரிந்தால்தான் மத்தேயு அந்தப் பெயரை அங்கே ஏன் வைத்தார் என்பது உறைக்கும். சீகன்பால்கின் பேனா நின்ற இடமும் அதுவே என்பது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு ஈர்ப்பு.

கத்தோலிக்கர் பக்கம் வீரமாமுனிவர் வேறு வழியில் போனார். 1726இல் முடித்த தேம்பாவணி, இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைப் பற்றிய காப்பியம், 3,615 பாடல்கள். கதை புதிய ஏற்பாட்டுக் கதை. ஆனால் வழிநெடுக மோசே, யோசுவா என்று பழைய கதைகள் கிளைக்கதையாக வந்துகொண்டே இருக்கும். மகாபாரதத்துக்குள் நளன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதைவிட இயல்பாகச் சொல்ல முடியாது. தரங்கம்பாடியாருக்கும் வீரமாமுனிவருக்கும் ஆகவே ஆகாது என்பது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பழையதைத் தள்ளிவிடலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் மார்சியோன் சொன்னார். பழையதை வெட்டியவர் அதோடு நிற்க முடியவில்லை. நான்கு நற்செய்திகளில் லூக்காவை மட்டும், அதையும் குறைத்து, வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பழைய ஏற்பாட்டைச் சுட்டாத பக்கம் புதியதில் அவ்வளவு குறைவு.

நம் சென்னையில் எழுந்த கேள்வி வேறு மாதிரி. வழக்கறிஞர் பி. செஞ்சய்யா, பின்னாளில் சென்னை மேயரான வி. சக்கரை முதலியோர் சேர்ந்த குழு, 1938 தாம்பரம் மாநாட்டை ஒட்டி இந்தியக் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்யும் கட்டுரைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. இந்தியனுக்கு இஸ்ரயேலின் பழைய ஏற்பாடு கட்டாயமா என்று வெளிப்படையாகக் கேட்டவர்களில் செஞ்சய்யா ஒருவர். அதில் வெறுப்பு இல்லை, நம் மண்ணுக்கும் ஒரு நெடிய ஆன்மிகப் பாரம்பரியம் உண்டே என்ற நியாயமான தவிப்பு இருந்தது. எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் மத்தேயுவின் முதல் பக்கத்தை எந்த உபநிடதமும் விளக்காது. எங்கள் தியாகராய நகரில் ஃபிளாட் வாங்குகிறவர் புதுப் பத்திரம் கையில் இருந்தாலும் மூலப்பத்திரத்தைக் கேட்காமல் விடமாட்டார். அந்த மாதிரிதான்.

ஒரு வேறுபாடு உண்டு. இந்த மூலப்பத்திரத்துக்கு இன்னொரு வாரிசும் இருக்கிறார். யூதர்கள் அதைப் 'பழையது' என்று சொல்வதில்லை. அவர்களுக்கு அது முழு வேதம், பெயர் 'தனாக்'. புராட்டஸ்டண்ட் பைபிளின் 39 புத்தகங்கள்தான் அவர்களிடம் 24 என்ற எண்ணிக்கையில் இருக்கின்றன. வரிசை மட்டும் வேறு. அவர்களுடையது நாளாகமத்தில், எருசலேமுக்குத் திரும்பிப் போங்கள் என்ற பாரசீக அரசன் கோரேசின் அனுமதியோடு முடிகிறது. கிறிஸ்தவர் வரிசை மல்கியாவில், எலியா வருவார் என்ற வாக்கோடு முடிகிறது. பக்கத்தைத் திருப்பினால் மத்தேயு, மூன்றாம் அதிகாரத்தில் எலியாவைப் போலவே தோல் கச்சை கட்டிய யோவான் ஸ்நானகன் வந்து நிற்கிறார். புத்தகங்கள் அவையே. எதை எங்கே வைத்து முடித்தார்கள் என்பதில் இரண்டு சமயங்களின் எதிர்பார்ப்பும் தெரிகிறது.

அந்த மாணவிக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன். ரூத் நான்கே அதிகாரம். ஒரு காப்பி ஆறுவதற்குள் படித்துவிடலாம். படித்துவிட்டு மத்தேயு முதல் அதிகாரம். விருப்பமுள்ளவர்கள் நீங்களும் அதே வரிசையில் படித்துப் பாருங்கள்.