இண்டிகேட்டருக்கு நாடி பார்ப்பது எப்படி?

1843-ல் நெல்லையையும் பாளையங்கோட்டையையும் சேர்த்து தாமிரபரணி மேல சுலோசன முதலியார் பாலம் வந்துச்சு. அதுல போன மாட்டுவண்டிக்காரர் திரும்பணும்னா கையைக் காட்டினா போதும். இன்னைக்கு அதே பாலத்து முனையில பைக்கைத் திருப்புறவர் பாடு வேற.

1989-ல் வந்து 2017 வரைக்கும் இருந்த சாலை விதிமுறையைப் பாருங்க. வலப்பக்கம் திரும்ப வலது கையை நீட்டணும்னு இருந்துச்சு. இடப்பக்கம் திரும்பவும் அதே வலது கையைத்தான் இடஞ்சுழியா சுத்தணும்னு இருந்துச்சு. கார்க்காரருக்குச் சரி. பைக்குல ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும் அந்தக் கையிலதானே இருக்கு! 1955-ல் மெட்ராஸ்ல புல்லட் தொழில் ஆரம்பிச்ச காலத்து வண்டிகள்ல இண்டிகேட்டரே கிடையாது. கையை விட்டுத்தான் சைகை.

கார்கள்ல முதல்ல பக்கவாட்டுல ஒரு சின்னக் கை 'டொக்'னு நீளும். அப்புறம்தான் சிமிட்டுற விளக்கு. இதுல நம்ம சீமைக்கும் ஒரு தொடர்பு உண்டு. டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் ஐயங்கார் பிறந்தது 1877-ல், திருக்குறுங்குடியில. 1911-ல் மதுரையில தொழில் தொடங்கினார். சைக்கிள் விளக்குல பேர் வாங்கின பர்மிங்ஹாம் லூகாஸ் கம்பெனியோட சேர்ந்து 1961-ல் சென்னை பாடியில லூகாஸ்-டி.வி.எஸ். வந்துச்சு, வண்டிகளுக்கு மின்சாதனம் செய்ய.

சரி, மேட்டருக்கு வருவோம். பழைய ஃபிளாஷருக்குள்ள இருக்கிறது ஒரு உலோகப் பட்டை. கரண்ட் போனா சூடாகி வளையும், தொடர்பு விட்டுப்போகும். ஆறினதும் திரும்ப ஒட்டும். அதான் அந்த 'டிக் டிக்'. ஒரு பல்பு போயிட்டா கரண்ட் குறையும், பட்டைக்குச் சூடு பத்தாது. விளக்கு மெதுவா சிமிட்டும், இல்லன்னா அப்படியே எரிஞ்சுக்கிட்டு நிக்கும். எலக்ட்ரானிக் ஃபிளாஷர் பலதும் நேர் எதிர்: பல்பு போனா படபடன்னு அடிச்சு எச்சரிக்கும். எல்.இ.டி. மாட்டினவங்க வண்டி பதறுறதும் இதனாலதான், கரண்ட் குறைவா இழுக்குதுல்ல, பல்பு போச்சுன்னு நினைச்சுக்கிடுது :-)

நிமிஷத்துக்கு 60-லிருந்து 120 தடவைக்குள்ள சிமிட்டணும்னு 1989 மத்திய மோட்டார் வாகன விதி சொல்லுது. அதான் நாடித்துடிப்பு.

ரெண்டு பக்கமும் செத்துப்போச்சா? ஃபியூஸ், பேட்டரி, ஃபிளாஷர், சுவிட்ச்னு வரிசையா பாருங்க. ஒரு பக்கம் மட்டுமா? அப்ப பெரும்பாலும் ஃபிளாஷர் மேல குத்தமில்ல. பல்பைக் கழட்டிப் பாருங்க. ஹோல்டர்ல பச்சை பூத்திருந்தா உப்புத்தாள் போட்டுத் தேயுங்க. எர்த் வயர் பிடிக்கிற இடத்துத் துருவையும் சுரண்டுங்க. இதெல்லாம் பாக்காம, "ஃபிளாஷரை மாத்திருவோம் அண்ணாச்சி"ன்னு யாராவது சொன்னா, கொஞ்சம் பொறுங்க.

வேலை பத்து நிமிஷம்தான். ஆனா பின்னால வர்ற லாரிக்காரருக்கு நாம திரும்பப்போறது தெரியணும்னா அந்த ஒரு பல்பு எரியணும். இல்லன்னா பிரேக்குல இருக்கவேண்டிய கையைத்தான் எடுக்கணும், பாத்துக்கிடுங்க.