நடுவில் நிற்கும் மனிதன்

ஏற்காடு காப்பிக்குப் பேர்போன மலை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பி பயிரிட ஏற்பாடு செய்த நாள் முதல் சேர்வராயன் மலைக்கு அந்த வாசனைதான். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் தேயிலையைப் பற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது; சற்றுப் பொறுங்கள்.

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பார்கள். ‘தேயிலை’யும் அப்படி ஒட்டிய சொல்தான். இலை நம்முடையது, ‘தே’ சீன தேசத்துச் சரக்கு. சீனர்கள் தேயிலைக்கு எழுதும் எழுத்து ஒன்றே. பெரும்பாலான இடங்களில் அதைச் ‘சா’ என்று வாசிப்பார்கள். ஃபூஜியன் கடற்கரையிலோ ‘தே’. டச்சுக் கப்பலேறிய ‘தே’ ஐரோப்பாவைச் சுற்றி, ‘டீ’ ஆகி நம் கடைத்தெருவுக்கு வந்தது. ‘சா’வின் வம்சம் வடக்கே ‘சாய்’, மலையாளத்தில் ‘சாயா’.

அந்த எழுத்தில் மேலே புல், நடுவில் மனிதன், கீழே மரம். செடிகளுக்கு நடுவே நிற்பவன் கொழுந்து பறிக்கிறவன் என்று கதை சொல்வதுண்டு. பண்டிதர்கள் ஒப்பமாட்டார்கள். கசப்புக் கீரை ஒன்றைக் குறித்த பழைய எழுத்தில் ஒரு கோட்டைக் குறைத்து உண்டாக்கியது இது என்பார்கள். 8-ஆம் நூற்றாண்டில், தேயிலைக்கென்றே லூ யூ நூல் எழுதிய டாங் வம்சக் காலத்தில், இது நிலைபெற்றது. நடுவே தெரியும் மனிதன், பழைய எழுத்தில் உச்சரிப்பைக் காட்டிய உறுப்பின் மிச்சம், அவ்வளவுதான். ஜப்பானியரோ கோடுகளைப் பிரித்துக் கூட்டி, 20-ம் 88-ம் 108 என்று கண்டு, 108-ஆவது வயதுக்கே இந்த எழுத்தின் பெயரை வைத்துவிட்டார்கள்!

எனக்கென்னவோ பறிக்கிறவன் கதையை விட மனமில்லை. 1869-ல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டது. காப்பி அழிந்த மலைகளில் தேயிலை ஏறியது. இரண்டுக்கும் உழைக்கப் போன ஜனங்களில் திருச்சி, சேலம் ஜில்லாக்காரர்கள் ஏராளம். இந்த மலையின் அடிவாரத்து மனிதர்கள். கொழுந்து கிள்ளிய கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் லட்சக்கணக்கானவர்களை எந்த நாட்டுக்கும் சேராதவர்களாக்கிவிட்டது. இந்தியா திரும்பியவர்கள் போக, மிஞ்சியவர்களுக்குச் சட்டம் வழிவிட 2003 வரை ஆயிற்று.

எழுத்தில் தற்செயலாகவே இடம் கிடைத்துவிட்ட அந்த மனிதனுக்குத் தோட்டத்து மண்ணில் இடம் கிடைக்க ஐம்பத்தைந்து வருஷங்கள்.