இரண்டு முறை மாறிய தண்டவாளம்



கனடாவின் ஒட்டாவா நகரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். புறநகரில் உள்ள பிளேர் நிலையம். பஸ்ஸுக்கென்றே தனிப்பாதை போட்டு ஓட்டிய ஊர் அது. அந்தப் பஸ் நிலையம் 2019 செப்டம்பரில் இலகு ரயில் நிலையமாகிவிட்டது. "வேலை நடந்த வருஷமெல்லாம் பஸ் சுத்திக்கிட்டுத்தான் சார் போச்சு" என்று எழுதியிருந்தான்.

நம் தஞ்சைச் சீமைக்கு இது பழகிய கதை. நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-இல் ரயில் வந்தது. மறு வருஷம் திருச்சிக்குப் போனது. போட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற இங்கிலாந்துக் கம்பெனி. அன்றைக்கே அது அகலப் பாதை, 5 அடி 6 அங்குலம்!

பிறகு வைஸ்ராய் மேயோ காலத்தில், செலவு குறையும் என்று மீட்டர் கேஜைத் தேர்ந்தெடுத்தார்கள். தென்னிந்திய ரயில்வேயின் புதுப் பாதைகள் எல்லாம் மீட்டர் கேஜ் என்றானதும், இருந்த அகலப் பாதையையும் 1875 வாக்கில் குறுக்கிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1992-இல் நாடு முழுக்க ஒரே அளவு என்று முடிவானது. அதன்படி தஞ்சாவூர்–திருச்சிப் பாதை மறுபடி அகலமானது. விழுப்புரம்–மயிலாடுதுறைப் பகுதி 2010-இல்தான் முடிந்தது.

ஆனால் என் மனசில் நிற்பது திருவாரூர்–காரைக்குடிப் பாதை. அதன் பழைய பகுதியைப் போட்டது கம்பெனியின் காசு அல்ல. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலவரியோடு ஒரு சிறு வரியும் வசூலித்து, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-இல் ரயில் விட்டது. 1903-க்குள் அது அறந்தாங்கி வரை நீண்டது. நம் பாட்டன் பூட்டன் நெல் விற்ற காசு அந்தத் தண்டவாளத்தில் இருக்கிறது.

அகலப்படுத்துவதற்காக 2012-இல் அந்தப் பாதையை மூடினார்கள். திருவாரூர் வரை மறுபடி முழுசாக ரயில் ஓடியது 2019 ஜூனில். ஏழு வருஷம்! ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடித்து வெளியே போகிற காலம். சீசன் டிக்கெட்டில் கல்லூரிக்குப் போன பெண்கள் இரண்டு பஸ் மாறினார்கள். முத்துப்பேட்டைப் பக்கத்து மீன்காரம்மா ஒருவர் என்னிடம், "பஸ்ஸுல கூடைய ஏத்த மாட்டேங்கிறாங்க வாத்தியாரே, நடையா நடக்குறேன்" என்றார். பாதை திறந்தபோது அவர் தொழிலை விட்டிருந்தார்.

திறந்த பிறகும் கேட் கீப்பர்கள் போதவில்லை. ரயிலிலேயே வந்த ஊழியர் ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூட, ரயில் கடந்து நிற்க, இன்னொருவர் திறந்துவிட்டு ஏறிக்கொள்ள, சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அகலப் பாதை தயார், அதைக் காக்க ஆள் தயாரில்லை.

மாற்றம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சென்னைக்குப் போக இப்போது வசதிதான். ஆனால் பாதையை மூடும் நாளிலேயே, திறக்கும்வரை அந்த ஊர் ஜனம் எதில் போகும் என்பதற்கும் திட்டம் இருக்க வேண்டும். இன்ஜினியராக இருக்கும் என் மாணவர்கள் இதை யோசியுங்கள்.

பழைய மீட்டர் கேஜ் ஸ்டேஷன் படமோ, சீசன் டிக்கெட்டோ யாரிடமாவது இருந்தால் கீழே போடுங்கள். பேரப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்